கடைசி அத்தியாயத்துப் பிள்ளை

எழுத்தாளர் கூத்தநயினார் செத்துப் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, பந்தியில் கடைசி இலையை எடுத்துக்கொண்டிருந்த மத்தியான வேளையில், சங்கரன்கோவிலிலிருந்து வந்த பஸ்ஸில் கனகவேணி வந்து இறங்கினாள். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் எழுதிய நாவலின் முதல் பக்கத்தில் எப்படி இறங்கினாளோ அப்படியே, இடுப்பில் ஆறு மாதப் பிள்ளையும், இடது கையில் ஒரு தகரப்பெட்டியும், நெற்றியில் ஒரு கற்றை முடியும், அந்த முடியை மட்டும் அசைக்கிற ஒரு காற்றுமாக இறங்கினாள். கண்டக்டர் அவளிடம் டிக்கெட் கேட்கவில்லை, ஏனென்றால் நாவலில் டிக்கெட் கிடையாது. செம்பாறைக்குளத்தில் யாரும் வாயைப் பிளக்கவும் இல்லை. பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் எண்ணெயில் வடையைப் புரட்டிக்கொண்டே, "வந்துட்டியாம்மா? ரெண்டு வாரம் முந்தி வந்திருந்தா அவிய முகத்தையாவது பாத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வடையைப் போட்டார்.

ஊருக்கு அவளைத் தெரியாமல் இருந்தால்தான் அதிசயம். 'கனகவேணி' என்கிற அந்த நாவல் பெரிய பரிசு வாங்கி, ஏழெட்டுப் பாஷைக்குப் போய், காலேஜில் பாடமாகி, ஊர் முகப்பில் 'கனகவேணி பிறந்த மண் வரவேற்கிறது' என்று சிமெண்டு வளைவு எழும்புகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சாக்கு ஓட்டத்தில் ஜெயித்தாலும் அந்தப் புத்தகம்தான் பரிசு, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை கையில் கொடுப்பதும் அந்தப் புத்தகம்தான், ஆகையால் செம்பாறைக்குளத்தில் அரிசி இல்லாத வீடு உண்டு, அந்தப் புத்தகம் இல்லாத வீடு கிடையாது. இல்லாத ஒரே வீடு அம்மன் கோவில் தெருவில் பீடி சுற்றிப் பிழைக்கிற பேராச்சியின் வீடு. அவளுக்கு அது எதற்கு? அது அவளைப் பற்றிய புத்தகம்.

அவளைப் பற்றியது என்று கூத்தநயினாரே மேடையில் சொல்லியிருக்கிறார், பேட்டியில் சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து அவளைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினார். இடது கண்ணுக்குக் கீழே இருக்கிற மச்சத்தை எடுத்துக்கொண்டார், பம்பாய்க்குப் போய் ஒரு காகிதம்கூடப் போடாத புருஷனை எடுத்துக்கொண்டார், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் பீடிக்கடைக்கு நடக்கிற நடையை எடுத்துக்கொண்டார். எல்லாம் அவளிடமிருந்து எடுத்தது. இருபத்தோராம் அத்தியாயம் மட்டும் அவளிடமிருந்து எடுத்தது இல்லை. அந்தக் கடைசி அத்தியாயத்தில் கனகவேணி அந்தி நேரத்தில் தோட்டக் கிணற்றுக்குப் போய், பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே தண்ணீரில் போட்டுவிட்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டுச் சாலையோடு நடந்து போகிறாள்.

பேராச்சியின் பிள்ளை காய்ச்சலில் செத்தது.

அது ஒரு மாசி மாசத்து மத்தியானம். இரண்டு நாளாய்ப் பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது, அன்றைக்குக் கண் மேலே செருகிவிட்டது. ஆஸ்பத்திரி அப்போது எட்டு மைல் தள்ளி இருந்தது, மத்தியானப் பஸ் போய்விட்டது, தெருவிலேயே மோட்டார் சைக்கிள் இருந்த ஒரே வீடு எதிர்வீடு. பேராச்சி ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். கூத்தநயினாரின் சம்சாரம் செல்லம்மை கதவைப் பாதி திறந்து, விரலை வாயில் வைத்து, "சத்தம் போடாத. எழுதிக்கிட்டிருக்காவ. எழுதும்போது கூப்பிட்டா எனக்குத்தான் ஏச்சு விழும். நாலு மணிக்கு மேல வா" என்றாள். உள்ளேயிருந்து பேனா கீறுகிற சத்தம் கேட்டது என்று பேராச்சி இன்றைக்கும் சொல்வாள், கேட்டிருக்காது என்று சொல்லத் துணிச்சல் உள்ளவர்கள் அவள் முகத்துக்கு நேரே நின்று சொல்லட்டும். நாலு மணிக்கு மேல் அவள் போகவில்லை. போக வேண்டிய காரியம் மூன்றரைக்கே முடிந்துவிட்டது.

கூத்தநயினார் துக்கம் கேட்க வந்தார், கண் கலங்கினார், அது பொய்க் கண்ணீர் என்று சொல்ல முடியாது. பிறகு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு மாதம் எழுதினார். எழுதி எழுதிக் கடைசி அத்தியாயத்துக்கு வந்து, செத்த பிள்ளைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தபோது, கதவைத் தட்டிய தாயை எழுதினால் கதவுக்குள்ளே இருந்த மனுஷனையும் எழுத வேண்டி வருமே என்று, தாயின் கையாலேயே பிள்ளையைக் கிணற்றில் போட்டார். தாய்மை என்னும் விலங்கை உடைத்தெறிந்த முதல் தமிழ்ப் பெண் என்று பட்டணத்தில் அதைக் கொண்டாடினார்கள். விலங்கு உடைந்தவள் இங்கே பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு போலீஸ்காரர் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். வருஷா வருஷம் ஆராய்ச்சிப் பெண்கள் வந்து, அவள் முழங்காலில் கை வைத்து, "அம்மா, அந்தக் கணத்துல உங்க மனசுல என்ன ஓடிச்சு?" என்று கேட்டார்கள். காய்ச்சல் என்று அவள் சொன்னதை ஒருத்திகூட எழுதிக்கொள்ளவில்லை. அவள் இன்னும் மறுக்கிறாள், அந்த வலி அப்படி, என்றுதான் எழுதிக்கொண்டார்கள். நாற்பத்தைந்து வருஷமாகத் தெருவில் ஒரு தாயும் தன் பிள்ளையை அவள் கையில் கொடுத்ததில்லை. வாய்விட்டு யாரும் எதுவும் சொல்லவில்லை, பிள்ளையைத்தான் மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்டவள் வீட்டுக்குள்தான் கனகவேணி வந்து நுழைந்தாள். நாவலில் அதுதான் அவள் வீடு.

"இந்தச் சுவர்கள் என் பெருமூச்சை அறியும்" என்றாள் கனகவேணி. புத்தகத்தில் எப்படிப் பேசுவாளோ அப்படித்தான் அவளுக்குப் பேச வரும்.

"என் வீட்டுச் சுவருக்கு என் மூச்சுதாண்டி தெரியும்" என்றாள் பேராச்சி. தன்னுடைய மச்சத்தைத் தன் கண் முன்னால் இன்னொருத்தி முகத்தில் பார்ப்பது யாருக்குத்தான் பொறுக்கும். "வந்ததுதான் வந்த, கால் கழுவிட்டு வா."

அவள் கழுவவில்லை. கால் கழுவுகிறது பற்றி எழுதியிருக்கவில்லை. நேராகப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள், அவள் உட்கார்ந்த இடத்தில் சுவரில் ஒரு ஜன்னல் வந்தது, ஏனென்றால் நாவலில் அவள் எப்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்ப்பாள். பேராச்சியின் வீட்டுக்கு அதுவரைக்கும் ஜன்னல் கிடையாது. அவள் அதில் ஈரத் துண்டைக் காயப்போட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே கஞ்சியும் துவையலும் வைத்துக் கொடுத்துப் பார்த்தாள். கனகவேணி தொடவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட அவர் அந்தப் பெண்ணுக்குச் சோறு போடவில்லை, நிலவொளியைக் குடித்தாள், நினைவுகளை உண்டாள் என்றுதான் எழுதியிருந்தார். பிள்ளைக்கோ பேரே இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் 'குழந்தை', 'குழந்தை' என்றே எழுதிக்கொண்டு போய்விட்டார். அது அழாது, மூத்திரம் போகாது, முலைக்கு முட்டாது. மலர்போல் உறங்கியது என்று எழுதியிருந்ததால் உறங்கியது.

ஊர் என்ன செய்தது? ஊர் ஒரு வாரத்தில் சுதாரித்துக்கொண்டது. கனகவேணி தினம் ஒரு அத்தியாயமாக நடக்கிறாள் என்பதைக் கண்டுபிடித்தவர் கூத்தநயினார் வாசகர் வட்டத்தின் தலைவர், ரிட்டையர்டு தமிழ் வாத்தியார் பரமகுரு. அவர் உடனே நோட்டீஸ் அடித்தார். இன்னின்ன தேதி, இன்னின்ன அத்தியாயம், இன்னின்ன இடம், பார்வையாளர்கள் கதாபாத்திரத்தைத் தொட வேண்டாம். வெளியூரிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் அவள் மழையில் நனைகிறாள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். அன்றைக்கு அம்மன் கோவில் தெருவில் மட்டும் மழை பெய்தது, பெண்கள் காயவைத்த பீடியிலையை வாரிக்கொண்டு உள்ளே ஓடினார்கள், பேராச்சியின் இலை அத்தனையும் நனைந்து நாசமாய்ப் போனது. வாசகர் வட்டத்துக்குள் ஒரு பெரிய சண்டையும் வந்தது. முதல் பதிப்பில் கனகவேணியின் சேலை நீலம். நீலம் நீலம் என்று எத்தனை தரம் எழுதுவீர் என்று ஒரு விமர்சகர் கிண்டல் பண்ணியதால் கூத்தநயினார் மூன்றாம் பதிப்பில் அரக்கு என்று மாற்றிவிட்டார். அதனால் அவள் மத்தியானம் வரைக்கும் நீலமும் மத்தியானத்துக்கு மேல் அரக்குமாக இருந்தாள். எது மூலச் சேலை என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருத்தர் போகாத அளவுக்கு அடித்துக்கொண்டார்கள். இடுப்பில் இருக்கிற பிள்ளைக்கு இன்னும் எத்தனை நாள் என்று இரண்டு கட்சியிலும் ஒருத்தரும் எண்ணவில்லை.

பேராச்சி எண்ணினாள்.

பன்னிரண்டாம் நாள் அவள் பீடித்தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசகர் வட்டக் கட்டிடத்துக்குப் போனாள். பரமகுரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு, கிணற்றைச் சுற்றி எத்தனை நாற்காலி போடலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏய்யா பரமகுரு, அந்தக் கடைசி அத்தியாயத்தை நிறுத்து."

"என்னக்கா சொல்லுதிய? அதுக்குத்தானே எல்லாரும் வாராவ. துபாயிலேருந்துகூட ஒருத்தர் வாராரு."

"ஒரு பச்சைப் பிள்ளையைத் தண்ணில போடப் போறா. நாற்காலி போட்டுப் பாக்கணுமா?"

பரமகுரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை, வகுப்பில் ஒரு பிள்ளையைக்கூட அடிக்காத வாத்தியார் என்று பேர் வாங்கியவர். "எக்கா, அது நெசப் பிள்ளை இல்ல. அது இலக்கியம். அதுல நாம கை வைக்கப்பிடாது. அவிய எழுதினதுல ஒரு புள்ளியைக்கூட மாத்த நமக்கு உரிமை கெடையாது."

"அப்ப எம்பிள்ளை? எம்பிள்ளை நெசப் பிள்ளைதானே? அவன் மேல மட்டும் எப்படிக் கை வச்சாரு?"

"நீங்க செஞ்சதைத்தானே அவிய..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

பிள்ளை செத்த அன்றைக்குக் குழி வெட்ட மண்வெட்டியோடு வந்த நாலு பேரில் இந்தப் பரமகுருவும் ஒருத்தன். அப்போது மீசை முளைக்காத பையன். துணியில் சுற்றிய பிள்ளையை அவள் கையிலிருந்து வாங்கியவனே இவன்தான்.

"நீ வாங்கினியேய்யா எங்கையிலேருந்து. உடம்பு இன்னும் சுடுதுன்னு சொன்னியே. மறந்துட்டியா?"

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். யோசித்தார் என்பதுதான் கொடுமை. பொய் சொல்ல நினைத்திருந்தால் சட்டென்று சொல்லியிருப்பார். "எனக்கு ஞாபகம் இருக்குக்கா" என்றார் மெதுவாக. "பிள்ளையை வாங்கினேன். ஈரமா இருந்துது. துணியிலேருந்து கிணத்துத் தண்ணி சொட்டிச்சு."

அவள் அவரை ஏசவில்லை. ஏசி என்ன ஆகப்போகிறது, அந்த மனுஷனின் மண்டைக்குள் இருந்த மண்வெட்டியையும் குழியையும்கூட அந்தப் புத்தகம் தின்றுவிட்டிருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனாள். அங்கே அவளுக்கு நாற்காலி போட்டு, காபி வாங்கிக் கொடுத்து, அச்சில் இருக்கிற சம்பவத்துக்கெல்லாம் கேஸ் எழுத முடியாது பாட்டி என்று சொல்லி, போகும்போது புத்தகத்தில் ஒரு கையெழுத்தும் கேட்டார்கள்.

திரும்பி வந்து கனகவேணியின் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அந்தக் கை எலும்பும் சதையுமான கை இல்லை, எழுதி வைத்த கை. பிரிக்க முடியாத பிணைப்பு என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்ததால், சுவரில் அடித்த ஆணியைக் கையால் பிடுங்குகிற கதையாக இருந்தது. "விடுடி, மூதேவி. ஒனக்கே தெரியாதா அவரு ஒன்னைய என்ன செய்ய வைக்கப் போறாருன்னு?" என்று கத்தினாள். கனகவேணி தொடுவானத்தைப் பார்த்தாள். "நான் ஒரு நதி. நதி தன் கரைகளைக் கேட்பதில்லை" என்றாள்.

"நதியாம்லா" என்று சொல்லிப் பேராச்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு முதல்முறையாக அந்தப் பெண்ணின் மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. பாவம், அவள் வாயிலும் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம்தான் பேராச்சி அந்தக் காரியத்தைச் செய்தாள். பக்கத்து வீட்டு ஆவுடைத்தாயிடம் போய், "ஒங்க வீட்டுப் புஸ்தகத்தைக் குடு" என்றாள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். நாற்பத்தைந்து வருஷம் கையால் தொடாத புத்தகத்தை மடியில் வைத்து, மற்ற இருபது அத்தியாயத்தையும் தள்ளிவிட்டு, இருபத்தோராம் அத்தியாயத்தை வரிவரியாகப் படித்தாள். சொத்தை அரிசியைப் புடைப்பது மாதிரிப் படித்தாள். இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் கண்டுபிடித்தாள். 'அவள் கைகள் தளர்ந்தன' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு அடுத்து நியாயமாகப் பிள்ளை விழ வேண்டும். ஆனால் விழவில்லை. அந்த இடத்தில் கூத்தநயினாருக்கு நிலாவைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. கிழக்கே எழும்பிய நிலாவை ஒன்பது வரி வர்ணித்துவிட்டு, பத்தாவது வரியில்தான் 'நீர் வாய் திறந்தது' என்று எழுதியிருந்தார். ஒரு பிள்ளை அந்தரத்தில் இருக்கும்போது நிலாவைப் பார்க்கிறவன் எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று அவள் யோசித்தாள். பிறகு அந்த ஒன்பது வரியை விரலால் தடவித் தடவி எண்ணினாள். அந்த ஒன்பது வரியில் கனகவேணியின் கை பிடித்திருக்காது, கிணறும் வாங்கியிருக்காது. அந்த ஒன்பது வரியில் பிள்ளை யாருடையதும் இல்லை.

இருபத்தோராம் நாள் பௌர்ணமி வந்தது, நாவலில் பௌர்ணமி என்பதால். தோட்டக் கிணற்றைத் தூர்வாரி, தண்ணீர் விட்டு நிரப்பி, சுற்றிலும் கயிறு கட்டி, நானூறு நாற்காலி போட்டிருந்தார்கள். மரத்துக்கு மரம் குழாய் விளக்கு. முன்வரிசை நடுவில் செல்லம்மை உட்கார்ந்திருந்தாள், எண்பது வயசு, வெள்ளைச் சேலை, கழுத்தில் யாரோ போட்ட சந்தன மாலை. பரமகுரு மைக்கின் முன்னால் நின்று, கனகவேணியின் நடைக்குச் சரியாக, அவள் ஒரு அடி வைக்க இவர் ஒரு வரி வாசிக்க, குரல் தழுதழுக்க வாசித்துக்கொண்டு வந்தார். ஒரு குழந்தை அழுதது, அதன் தாய் அதை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்து, "இந்தா பாரு, அந்தப் பாப்பாவைப் பாரு" என்று காட்டினாள்.

கனகவேணி கிணற்றின் விளிம்பில் நின்றாள். பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தித் தண்ணீருக்கு மேலே நீட்டினாள்.

"அவள் கைகள் தளர்ந்தன" என்று வாசித்தார் பரமகுரு.

எல்லாரும் கிழக்கே நிலாவைப் பார்த்தார்கள். பார்க்காமல் எப்படி இருப்பார்கள், அந்த ஒன்பது வரியும் இந்த மாவட்டத்தில் மனப்பாடப் பகுதி. வெள்ளித் தாம்பாளம் என்று இரண்டாவது வரி சொன்னபோது பேராச்சி கயிற்றுக்குள் குனிந்து நுழைந்தாள். நாலாவது வரியில் ஒரு தொண்டன் அவள் முந்தானையைப் பிடித்தான், முந்தானை கிழிந்து அவன் கையோடு போனது. அறுபத்தேழு வயசில் முட்டிவலிக்காரி ஓடுகிற ஓட்டமா அது! ஏழாவது வரியில், விண்மீன்கள் நாணி ஒளிந்தன என்று பரமகுரு வாசித்த வாய் மூடும் முன், அவள் கிணற்று விளிம்பில் மண்டியிட்டுப் பிள்ளையை அந்தத் தளர்ந்த கைகளிலிருந்து வாரி எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

ஒன்பது வரியும் முடிந்தது. கனகவேணி வெறுங்கையை விரித்தாள். "நீர் வாய் திறந்தது" என்று பழக்கதோஷத்தில் பரமகுரு வாசித்தார், தண்ணீர் சும்மா கிடந்தது. அவள் முடியை அவிழ்த்துவிட்டு, எழுதியபடியே சாலையில் இறங்கி நடந்து போனாள், யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, போனவள் போனவள்தான். பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டிவிட்டு நிறுத்தினார்கள். அதற்கப்புறம் நானூறு நாற்காலியும் ஒரே நேரத்தில் எழுந்தது.

"ஏ கிழவி, பிள்ளையைக் குடு!"

"நாலு பஸ் மாறி வந்திருக்கோம், முடிவையே கெடுத்துட்டா!"

பரமகுரு மைக்கை விட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் கண்ணில் நெசமாகவே தண்ணீர் நின்றது. "எக்கா, என்னக்கா செஞ்சுட்டிய? அந்த மனுஷன் சாம்பல்கூட இன்னும் ஆறல. அவிய விட்டுட்டுப் போனதே இது ஒண்ணுதானே!"

"அவரு விட்டுட்டுப் போனதா?" பேராச்சியின் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. "அவரு விட்டுட்டுப் போனது என்னைய! முப்பத்திரண்டு பதிப்பு போட்டியளே, முப்பத்திரண்டு தரம் எம்பிள்ளையைத் தண்ணில போட்டிய. பள்ளிக்கூடத்துல பரிச்சைக்கு வச்சுப் போட்டிய. ஏழு பாஷையில போட்டிய. எவனாவது ஒருத்தன், ஒரே ஒருத்தன், குனிஞ்சு தூக்கணும்னு நெனச்சியளாலே? இன்னிக்கி நாற்காலி போட்டு உக்காந்து, காத்து வராட்டா ஃபேன் கேக்கிய!"

சொல்லிக்கொண்டே நடந்தாள். முன்வரிசையைத் தாண்டும்போது செல்லம்மையின் முன்னால் ஒரு நொடி நின்றாள். "நாலு மணி ஆயிட்டாக்கா?" என்று கேட்டாள். செல்லம்மை மாலையிலிருந்த சந்தன மணிகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பத்தடி வரைக்கும் பிள்ளை கனக்கவே இல்லை. மலர்போன்ற குழந்தை என்று எழுதியவர் ஒரு பிள்ளையையும் தூக்கிச் சுமந்தவர் இல்லை. வேலிப்படலைத் தாண்டியதும் கை வலித்தது. சாலைக்கு வந்ததும் இடுப்பில் வெதுவெதுவென்று நனைந்தது, பேராச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிறகு அது வாயைத் திறந்து, இருபத்தொரு நாளும் அழாத அழுகையையெல்லாம் சேர்த்து வீறிட்டது. நாற்பத்தைந்து வருஷமாக ஒரு பிள்ளையையும் தொடாத கைக்குத் தட்டிக்கொடுக்கிறது மறந்துபோகவில்லை. தட்டிக்கொடுத்தாள், முகத்தோடு முகத்தை ஒட்டினாள். ஒட்டினவள் நடுச்சாலையில் நின்றுவிட்டாள்.

பிள்ளையின் நெற்றி கொதித்தது.

அவர் எழுதிய பிள்ளைக்குக் காய்ச்சல் கிடையாது. அவர் கையிலிருந்து இவள் கைக்கு வந்ததும் பிள்ளை இவள் பிள்ளையாகிவிட்டது, இவள் பிள்ளைக்கு என்ன வந்ததோ அது இதற்கும் வந்துவிட்டது. கிணற்றிலிருந்து பிடுங்கி எங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஓடினாள். இப்போது ஆஸ்பத்திரி எட்டு மைல் இல்லை, தெருக்கோடியில் ஆரம்ப சுகாதார நிலையம் வந்து பத்து வருஷமாகிறது. பின்னால் ஊர் ஓடி வந்தது, பரமகுரு ஓடி வந்தார், வேனில் வந்தவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள், பிள்ளையைப் பிடுங்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கலாம் என்றுகூட ஒருத்தர் யோசனை சொல்லிக்கொண்டே ஓடி வந்தார்.

டூட்டியில் இருந்த நர்ஸ் சுகுணா தர்மபுரிப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வாசலில் இத்தனை கூட்டத்தைப் பார்த்ததும் வெட்டுக்குத்து என்று நினைத்துப் பஞ்சை எடுத்தாள்.

"சிஸ்டர், அது கனகவேணியோட பிள்ளை!" என்று வெளியிலிருந்து கத்தினார்கள்.

"யாரு கனகவேணி?" என்றாள் சுகுணா.

சுகுணா பிள்ளையை வாங்கி மேஜையில் கிடத்தி, சட்டையை அவிழ்த்து, அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தாள். பேராச்சி மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"நூத்தி மூணு" என்றாள் சுகுணா. ஊசி போட்டாள், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தாள், டாக்டருக்குப் போன் பண்ணி நாலு வார்த்தை பேசினாள். பிறகு பேராச்சியின் தோளைத் தொட்டு, "பயப்படாதீங்கம்மா. உடனே கொண்டாந்துட்டீங்க, அதுவே போதும். இப்படியே வச்சிருந்திருந்தா ஃபிட்ஸ் வந்திருக்கும். இப்ப இறங்கிடும், பொழச்சுக்கும்" என்றாள்.

பேராச்சி அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். "என்னன்னு சொன்ன? பிள்ளைக்கு என்ன?"

"காய்ச்சல்மா. வெறும் காய்ச்சல்தான்."

பேராச்சி மேஜையைப் பிடித்து எழுந்தாள். வாசலில் ஊர் முழுக்க நின்றது, படியில் மூச்சு வாங்கிக்கொண்டு பரமகுரு நின்றார், அவருக்குப் பின்னால் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிய இருநூறு முந்நூறு பேர் நின்றார்கள். அவள் நர்ஸின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசல் நடுவில் நிறுத்தினாள்.

"இப்ப என்கிட்டச் சொன்னதை இவங்ககிட்டச் சொல்லு. மெதுவாச் சொல்லாத தாயி, கத்திச் சொல்லு."

சுகுணாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கூட்டத்தைக் கலைக்க வேண்டுமே என்று தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்.

"குழந்தைக்குக் காய்ச்சல்! வேற ஒண்ணுமில்லை, காய்ச்சல்! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

யாரும் போகவில்லை. பரமகுரு தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, அதில் ஏதோ சுட்டதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள் பேராச்சி.